பாம்பு ஐந்து வாரமாகச் சாப்பிடவில்லை, உயிர் எலி கொடுக்கலாமா?

கேள்வி: என் 16 வயது மகன் இரண்டு மாதத்துக்கு முன் ஒருவரிடமிருந்து வளர்ந்த ராயல் பைத்தான் என்ற மலைப்பாம்பு ஒன்றை வாங்கி வந்தான். அவர் உயிர் எலி போட்டே வளர்த்திருக்கிறார். கடையில் விற்கும் உறைந்த எலியை நாங்கள் கொடுத்தால், ஐந்து வாரமாக அது வாயே வைக்கவில்லை. உயிர் எலி வாங்கலாம் என்கிறான் மகன். எலியை நினைத்தாலும் மனசு கேட்கவில்லை, பாம்பைப் பார்த்தாலும் கேட்கவில்லை. என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், ஹாரோ, லண்டன்

பதில்: அன்புள்ள சகோதரி, ஒரு ஜீவன் வீட்டில் பட்டினி கிடந்தால் நமக்குச் சோறு இறங்காதுதான். ஆனால் பாம்பின் பசி நம் பசி மாதிரி இல்லை. வளர்ந்த ராயல் பைத்தான் மாதக்கணக்கில்கூட இரையைத் தொடாமல் இருக்கும். வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வையுங்கள். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, மூச்சில் சத்தம் வந்தாலோ, ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

உயிர் எலி வேண்டாம். 'காட்டில் உயிரோடுதானே பிடித்துத் தின்கிறது' என்று மகன் கேட்பான். உண்மைதான். ஆனால் ஆப்பிரிக்கப் புல்வெளியில் எலிக்கு ஓட இடமுண்டு. கண்ணாடித் தொட்டியில் மாட்டிக்கொண்ட எலி திருப்பிக் கடிக்கும், கண்ணைக்கூடக் குதறிவிடும். பாம்பு சாப்பிட மனமில்லாமல் சுருண்டு கிடக்கும் நாளில்தான் ஆபத்து அதிகம். எலிக்கும் பசிக்குமே! இரவு முழுக்க உள்ளே விட்டால் பாம்பின் முதுகையே கொறிக்கத் தொடங்கும். எலும்பு தெரியும் அளவுக்குப் புண்பட்ட பாம்புகள் உண்டு. உங்கள் பாம்பு இப்போது இரையே எடுக்காமல் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எலிக்காகவும் உங்கள் மனசு கேட்கவில்லை என்றீர்களே, அது நியாயமான மனசு. பிரிட்டனின் 2006 விலங்கு நலச் சட்டம், மனிதர் பொறுப்பில் உள்ள முதுகெலும்புள்ள விலங்குகளுக்கெல்லாம் பொருந்தும். எலியும் அதில் அடக்கம்.

சரி, பழக்குவது எப்படி? முதலில் தொட்டியைக் கவனியுங்கள். சூடான பக்கம் 31–33 டிகிரி செல்சியஸ் இருக்கிறதா, பாம்பு உடலை இடுக்கி ஒளிந்துகொள்ளக் கூடு இருக்கிறதா? இது சரியில்லை என்றால் எந்த எலியைக் கொடுத்தாலும் தின்னாது.

அப்புறம் சூடு. இந்தப் பாம்பின் உதட்டோரத்தில் வெப்பத்தை உணரும் குழிகள் இருக்கின்றன. இருட்டில் அது எலியை அறிவது வாசனையாலும் உடம்புச் சூட்டாலும்தான். ஆறிப்போன எலி அதற்கு இரையாகவே தெரியாது. முந்தின இரவே எலியை உறைபெட்டியிலிருந்து எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் மூடிவையுங்கள். மறுநாள் மாலை பிளாஸ்டிக் பையில் போட்டுச் சுடுதண்ணீரில் வைத்து, 38 டிகிரி அளவுக்குச் சூடாக்குங்கள். மைக்ரோவேவ் கூடவே கூடாது, உள்ளே வெந்துவிடும். மகன் அதை நீளமான இடுக்கியால் பிடித்து, மங்கிய வெளிச்சத்தில் பாம்பின் முன்னால் மெதுவாக அசைக்கட்டும். எடுக்காவிட்டால் கூட்டின் வாசலில் வைத்துவிட்டு விளக்கை அணையுங்கள். காலையிலும் அப்படியே கிடந்தால் குப்பையில் போடுங்கள், திரும்ப உறையவைக்காதீர்கள். ஒரு வாரம் பாம்பைச் சீண்டாமல் விட்டு மறுபடி முயலுங்கள். நாலைந்து முறை ஏமாற்றம் வரலாம், விடாதீர்கள்.

எலிக்கென்று தனி டப்பா, தனிப் பாத்திரம் வையுங்கள். உறைந்த எலியிலும் சால்மொனெல்லா கிருமி சாகாது, கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும்.

பாம்பு எலியை விழுங்கிய சந்தோஷத்தில் மகன் அதைக் கையில் தூக்கிவிடப் போகிறான். இரண்டு நாள் தொடவே கூடாது, கக்கிவிடும்.