அண்டாவில் ஓட்டை போடாதீர்கள்

கேள்வி: மாமியார் காலமாகி ஒரு வருஷம் ஆகிறது. கும்பகோணம் பக்கத்தில் இருக்கும் கிராமத்து வீட்டை விற்றுவிட்டோம். மாதக் கடைசிக்குள் சாவி கொடுக்க வேண்டும். பித்தளை அண்டா, இரண்டு சொம்பு, படி, உழக்கு, டிரங்குப் பெட்டி, மடிப்பில் கிழிந்த பட்டுப் புடவை, அம்மி, ஆட்டுக்கல், பழைய ஜன்னல் கதவு ஒரு ஜோடி, இவ்வளவும் அங்கே கிடக்கின்றன. 'எடைக்குப் போட்டுவிடு' என்கிறார் கணவர். எனக்கு மனசு வரவில்லை. சென்னையில் எங்கள் ஃபிளாட் 850 சதுர அடிதான். அண்டாவை விளக்காக மாற்றலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். இவற்றை வீட்டுக்கு அழகாக மாற்ற வழி சொல்லுங்கள் அக்கா.
– ஒரு வாசகி, மடிப்பாக்கம்

பதில்: அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்த விளக்கு யோசனையை விட்டுவிடுங்கள். அண்டாவில் ஒயர் நுழைய ஓட்டை போட்டால் அது அப்புறம் அண்டா இல்லை. நாளைக்கு வீட்டில் ஒரு விசேஷம் வந்து பாயசம் வைக்க வேண்டும் என்றால் கை பிசைந்து நிற்பீர்கள். ஆபத்தும் இருக்கிறது. துளையின் ஓரம் ஒயரின் மேலுறையை அறுத்தால் பாத்திரம் முழுக்க மின்சாரம் பாயும். வெட்டாமல், துளைக்காமல், ஒட்டாமல் என்ன செய்ய முடியுமோ அதை மட்டும் செய்யுங்கள். பத்து வருஷம் கழித்து உங்கள் மகளுக்கு வேறு யோசனை தோன்றினால் பொருள் முழுசாக அவள் கைக்குப் போக வேண்டும்.

அண்டாவைக் கூடத்து மூலையில் வைத்து, போர்வை, தலையணை உறைகளை அதில் போட்டு வையுங்கள். மேலே வட்டமாக ஒரு மரப்பலகை செய்து மூடினால் காபி டம்ளர் வைக்கிற மேஜை ஆகிவிடும். செடி வைக்க ஆசைப்பட்டால் மண்ணை நேராகக் கொட்டாதீர்கள், பித்தளை அரித்துவிடும். தொட்டியோடு உள்ளே இறக்குங்கள். தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்க விடுவதானால் இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றியே ஆக வேண்டும். டெங்கு கொசுவுக்குத் தேங்கிய நல்ல தண்ணீர் போதும், பத்து நாளுக்குள் முட்டை கொசுவாகிவிடும்.

சொம்புகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துப் பாத்திரங்களில் கழுத்துக்குக் கீழே உளியால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருப்பார்கள். சீர் கொடுத்தவர் பெயர், சில சமயம் ஊர், தேதி. என் பாட்டியின் சொம்பு ஒன்றைப் பளபளப்பாக்கித் தரச் சொல்லி ஒரு கடையில் கொடுத்தேன். மெஷினில் பாலிஷ் போட்டுத் தந்தார்கள். கண்ணாடி மாதிரி மின்னியது. பாட்டியின் பெயரில் முதல் இரண்டு எழுத்துதான் மிச்சம், மற்றதெல்லாம் தேய்ந்து போயிருந்தது. இன்றைக்கும் அந்தச் சொம்பைத் தொடும்போது விரல் அந்த வழுவழுப்பான இடத்துக்குத்தான் போகிறது. நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள். புளியை ஊறவைத்துக் கல் உப்பு சேர்த்துக் கையால் தேயுங்கள். எழுத்து இருக்கும் இடத்தில் மட்டும் பழைய டூத்பிரஷ். கழுவியவுடன் ஈரம் போகத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் திட்டுத்திட்டாகக் கறுக்கும். அலமாரியில் வைக்கும்போது பெயர் இருக்கும் பக்கம் வெளியே தெரியட்டும்.

படியும் உழக்கும் அலங்காரத்துக்கென்றே பிறந்தவை போல இருக்கும். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, நாலு உழக்கு ஒரு படி. 1956-இல் மெட்ரிக் அளவுக்குச் சட்டம் வந்த பிறகு கடைகளிலிருந்து படி மெல்ல மெல்லப் போனது. வீட்டு அரிசிப் பானையிலிருந்து அது போகவில்லை. படி நிறைய நெல் போட்டு வாசல் பக்கத்தில் வையுங்கள். கல்யாணத்தில் நிறைபடி வைக்கிற வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே? வண்டு வராமல் இருக்க நெல்லை அவ்வப்போது வெயிலில் காயவைத்தால் போதும். உழக்கை மட்டும் சமையலறையில் வைத்துத் தினமும் அரிசி அளங்கள்.

பட்டுப் புடவை வாங்க வீட்டுக்கே வருகிறவர்கள் சரிகையில் உள்ள வெள்ளிக்காகத்தான் வாங்குகிறார்கள். ஓர் இழையைச் சுரண்டிப் பாருங்கள், அசல் சரிகையில் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் விற்க மாட்டேன். கிழியாத முந்தானைப் பகுதியை வெள்ளைப் பருத்தித் துணியில் கையால் தைத்து, சட்டம் போட்டு மாட்டுவேன். பசை வேண்டாம். கண்ணாடி துணியில் ஒட்டாமல் கால் அங்குலம் இடைவெளி விடச் சொல்லுங்கள். வெயில் படும் சுவர் கூடாது. மிச்சத் துணியில் மெத்தை உறை தைக்க வேண்டாம், இற்றுப்போன பட்டு ஒரே மாதத்தில் நார் நாராகிவிடும்.

டிரங்குப் பெட்டி கட்டில் கால்மாட்டில் உட்கார நன்றாக இருக்கும். துருவைத் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, அப்புறம் எனாமல். மூடியில் பெயரோ ஊரோ எழுதியிருந்தால் அந்த இடத்தைத் தொடாதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீடென்றால் மூடி விரலில் விழாதபடி உள்ளே ஒரு சங்கிலி வேண்டும்.

ஜன்னல் கதவில் ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு, மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய பெயின்ட்டில் அதைவிட எவ்வளவோ அதிகம் இருக்கலாம். அதை உலர்ந்தபடியே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் குழந்தைகளுக்குக் கெடுதல். நனைத்துத்தான் தேய்க்க வேண்டும், அதுவும் வீட்டுக்கு வெளியே. கொண்டு வந்ததும் இரண்டு வாரம் பால்கனியில் செய்தித்தாள் மேல் நிறுத்திப் பாருங்கள். அடியில் மாவு மாதிரி உதிர்ந்தால் மரத்தை வண்டு குடைகிறது என்று அர்த்தம், உள்ளே கொண்டுவராதீர்கள். நல்ல மரமாக இருந்தால் நடுவில் கண்ணாடி பதித்துச் சுவரில் சாய்த்து வையுங்கள்.

அம்மியைக் கொண்டு வாருங்கள். அடியில் நாலாக மடித்த சாக்கு போட்டால் கீழ்வீட்டுக்குச் சத்தம் கேட்காது. வாரம் ஒருமுறை தேங்காய்த் துவையல் அரையுங்கள். ஆட்டுக்கல்லை விட்டுவிடலாம். ஊரில் கொல்லைப்புறம் உள்ள சொந்தக்காரர் யாராவது சந்தோஷமாக எடுத்துக்கொள்வார்கள். அதைக் கொடுப்பதில் மாமியாருக்கு எந்தக் குறையும் வராது.

ஒரு விஷயம் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். 'எடைக்குப் போட்டுவிடு' என்று உங்கள் கணவர் சொல்வது அந்தப் பாத்திரங்களைப் பார்க்க முடியாமலா? அது அவருடைய அம்மா புழங்கிய அடுக்களை. சாவி கொடுப்பதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போய் வாருங்கள். புளியும் உப்பும் எடுத்துக்கொண்டு போங்கள். சொம்பை அவர் கையில் கொடுத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். யார் பெயர் வருகிறது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.