பதினைந்தாயிரம் டாலர் பேய்: சில கேள்விகள், சில பதில்கள்

குறும்படங்களுக்கு ஒலிப்பதிவு செய்வது என் பிழைப்பு. கடந்த இரண்டு மாதமாக வேலை குறைவு. அதனால் குறைந்த செலவில் எடுத்த பேய்ப்படங்களாகத் தேடிப்பிடித்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தேன். சிலவற்றை முதல் முறை, சிலவற்றை மூன்றாம் முறை. எது தேறியது, எது தேறவில்லை என்று நண்பர்கள் கேட்டார்கள். அப்புறம் அவர்களுடைய நண்பர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். முடிவைப் போட்டு உடைக்கும் இடத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சேலத்திலிருந்து ஒரு வங்கி ஊழியர்: ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’ பார்த்தேன் சார். பாதிப் படம் இரண்டு பேர் தூங்குகிறார்கள். இதற்கா உலகமே பயந்தது?

ஆமாம், அந்தத் தூக்கத்துக்குத்தான்.

ஓரன் பெலி என்பவருக்கு அது முதல் படம். சான் டியேகோவில் இருந்த தன் சொந்த வீட்டில், ஏறத்தாழ ஒரு வாரத்தில், சுமார் 15,000 டாலரில் எடுத்து முடித்தார். உலகம் முழுக்க 19 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. படுக்கையறைக் காட்சியை நினைத்துப் பாருங்கள். ட்ரைபாடில் கேமரா. ஒரு பக்கம் கட்டில், இன்னொரு பக்கம் திறந்த கதவு, கதவுக்கு அந்தப் பக்கம் இருட்டு. கேமரா அசையாது. அது அசையாததால் நம் கண் அலைய ஆரம்பிக்கிறது. போர்வையைப் பார்க்கிறோம், கதவைப் பார்க்கிறோம், மறுபடி போர்வை. கதவு நாலு விரல்கடை நகர்ந்தால் போதும், தூக்கிவாரிப் போடுகிறது. ஓர் இரவில் அந்தப் பெண் எழுந்து கட்டிலோரமாக நின்று தூங்குகிறவனையே பார்த்துக்கொண்டிருப்பாள். மூலையில் கடிகாரம் மட்டும் மணிக்கணக்கில் ஓடும். நடிகையை நிற்கச் சொல்லிவிட்டு எடிட்டிங்கில் வேகத்தைக் கூட்டியதுதான், வேறு செலவே இல்லை.

ஹெட்போனில் கேட்டால் இன்னொன்றும் பிடிபடும். ஏதாவது நடக்கப்போகிறது என்றால் அடித்தொண்டை உறுமல் மாதிரி ஒரு சத்தம் மெல்ல ஏறும். இரண்டாவது இரவிலேயே நம் உடம்பு அதைக் கற்றுக்கொண்டுவிடுகிறது.

குறை என்றால் பகல் காட்சிகள்தான். சண்டை போடுகிறார்கள், சமாதானம் ஆகிறார்கள், மறுபடி சண்டை. அந்தப் பையனைப் பேய் பிடித்தால் தேவலை என்று எனக்கே தோன்றியது.

நெல்லையிலிருந்து ஒரு மாணவர்: அண்ணா, ‘தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்’ கடைசிவரை சூனியக்காரியைக் காட்டவே இல்லையே. ஏமாற்று வேலைதானே?

முடிவைச் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.

ஏமாற்று வேலை இல்லை தம்பி. படத்தின் ஆரம்பத்தில் ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அதில் ஒன்று, குழந்தைகளை இரண்டிரண்டு பேராகக் கூட்டிப்போய்க் கொன்ற ஒருவனைப் பற்றியது. ஒரு குழந்தையைக் கொல்லும்போது இன்னொரு குழந்தை பார்க்கக்கூடாது என்று, அதை மூலையில் சுவரைப் பார்த்து நிற்கவைப்பானாம். வம்புப் பேச்சோடு பேச்சாக இது போய்விடும். முக்கால் மணி நேரத்தில் நாமும் மறந்துவிடுவோம். கடைசியில் கேமரா நிலவறைக்குள் ஓடுகிறது. நண்பன் மூலையில் சுவரைப் பார்த்து நிற்கிறான். அவ்வளவுதான். கேமரா கீழே விழுகிறது. யாரையும் காட்டவில்லை, ஆனால் நாம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம். அந்தத் துப்பு நம் பையில் ஒரு மணி நேரமாகக் கிடந்திருக்கிறது, நமக்கே தெரியாமல்.

1999இல் வெளியான படம். மூன்று நடிகர்களிடமும் கேமராவைக் கொடுத்து மேரிலாந்து காட்டுக்குள் அனுப்பினார்கள், 8 நாள். படம் பிடித்ததும் அவர்களேதான். அன்றைக்கு என்ன நடிக்கவேண்டும் என்ற குறிப்பை ஒரு ஃபிலிம் டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள். சாப்பாட்டை நாளுக்கு நாள் குறைத்தார்கள். ராத்திரியில் இயக்குநர்கள் இருவரும் ஆட்களோடு வந்து கூடாரத்தைப் பிடித்து உலுக்குவார்கள், குழந்தைகளின் சத்தத்தை டேப்பில் ஓடவிடுவார்கள். படத்தில் பார்க்கிற எரிச்சலில் பாதி நிஜப் பசி. நடிகர்களை இப்படி நடத்தலாமா என்று கேட்டால், கூடாது என்றுதான் சொல்வேன். இன்றைக்கு யாராவது இதை யோசனையாகச் சொன்னால் அந்த யூனிட்டில் நான் வேலை செய்யமாட்டேன்.

படத்தின் பலவீனம் கேமராவின் ஆட்டம். வெளியானபோதே தியேட்டரில் தலைசுற்றி வாந்தி எடுத்தவர்கள் உண்டு. பெரிய திரை வேண்டாம், சின்னத் திரையில் பாருங்கள்.

கோவையிலிருந்து ஒரு வாசகி: ‘ஸ்கினமரிங்க்’ 100 நிமிடமும் சுவரையும் கூரையையும் காட்டுகிறது. இதைப் படம் என்று சொல்கிறவர்களை என்ன செய்யலாம்?

என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறீர்கள், பரவாயில்லை.

கைல் எட்வர்ட் பால், கனடாவின் எட்மன்டன் நகரத்தில் தான் வளர்ந்த வீட்டிலேயே 15,000 டாலரில் எடுத்தது. 2022. இரண்டு சின்னப் பிள்ளைகள் நடுராத்திரியில் விழிக்கிறார்கள். அப்பாவைக் காணோம். கதவைக் காணோம், ஜன்னலைக் காணோம். டிவியில் பழைய கார்ட்டூன் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. காப்புரிமை காலாவதியான கார்ட்டூன்கள் அவை, காசு கொடுக்கவேண்டாம். அந்தச் சிக்கனமே படத்தின் விளக்கு வெளிச்சமாகவும் ஆகிவிட்டது.

அக்கா மாடிக்குப் போகிற காட்சியை மட்டும் மறுபடி பாருங்கள். அப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார். கட்டிலுக்கு அடியில் பார் என்கிறார். அவள் குனிந்து பார்க்கிறாள், ஒன்றும் இல்லை. நிமிர்ந்தால் அப்பா இல்லை. கட்டிலின் அந்தப் பக்கம் அம்மா முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். சின்ன வயதில் காய்ச்சல் ராத்திரியில் அம்மாவின் முகம் வேறு யாருடையதோ மாதிரித் தெரிந்ததுண்டா? அந்தப் பயம் இது. எந்த கிராஃபிக்ஸாலும் அதைக் கொண்டுவர முடியாது.

ஆனால் உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இது 50 நிமிடப் படம். மீதி 50 நிமிடம் கம்பளம். குறைந்த செலவுப் பேய்ப்படங்களுக்கு என்னைக் கேட்டால் பணப் பற்றாக்குறையைவிட இதுதான் பெரிய நோய். முழுநீளப் படம் என்று சொன்னால்தான் விற்கும், அதனால் ரப்பராய் இழுக்கிறார்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: நீளமில்லாத படம் ஒன்று சொல்லுங்கள். வேலைநாள் ராத்திரி, காலையில் ஷிஃப்ட்.

‘ஹோஸ்ட்’. 2020 ஊரடங்கில் ராப் சாவேஜ் எடுத்தது, ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. நண்பர்கள் சிலர் ஜூம் அழைப்பில் ஆவியைக் கூப்பிடுகிறார்கள். நடிகர்கள் அவரவர் வீட்டில் இருந்துகொண்டே கேமராவையும் தந்திரக் காட்சிகளையும் பார்த்துக்கொண்டார்கள். முகத்தில் பொம்மை முகமூடி போடுகிற ஃபில்டர் தெரியும் இல்லையா, அது யாரும் இல்லாத இடத்தில் ஒரு முகத்தைக் கண்டுபிடித்துப் போய் ஒட்டிக்கொள்ளும். ஊரடங்கில் ஜூமில் உட்கார்ந்தவர்களுக்கு வயிற்றைப் பிசையும். கடைசிப் பத்து நிமிடம் கூச்சல் அதிகம், அதுதான் குறை.

திருச்சியிலிருந்து ஒருவர்: ‘டெரிஃபையர் 2’ பற்றி ஏன் பேசவே மாட்டேன் என்கிறீர்கள்? 2,50,000 டாலரில் அந்த ரத்தம் சாதனை இல்லையா?

சாதனைதான். இயக்குநர் டேமியன் லியோனே ஒப்பனைக் கலைஞர். கம்ப்யூட்டரை நம்பாமல் ரப்பரும் சாயமும் வைத்துச் செய்த கைவேலை. அதைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் 138 நிமிடம். மூன்றாவது கொலைக்கு மேல் எனக்குப் பயம் போய், இதை எப்படிச் செய்திருப்பார்கள் என்ற ஆராய்ச்சி வந்துவிட்டது. கொலைகாரக் கோமாளியாக நடித்தவர் ஒரு வார்த்தை பேசாமல் சாதிக்கிறார். மற்றவர்கள் பேசியே கெடுக்கிறார்கள்.

ரத்தம் என்றதும் 1968இன் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ ஞாபகம் வருகிறது. கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் ரத்தத்துக்கு சாக்லேட் பாகு. பிணங்கள் தின்னும் சதைக்கு வறுத்த பன்றி இறைச்சி. இன்றைக்குப் பார்த்தாலும் குமட்டுகிறது. வண்ணத்தில் எடுத்திருந்தால் சிரித்திருப்போம்.

மதுரையிலிருந்து ஒரு ஆசிரியை: ‘ஒன் கட் ஆஃப் தி டெட்’ 20 நிமிடத்தில் அணைத்துவிட்டேன். நடிப்பு படுமோசம்.

டீச்சர், தயவுசெய்து மறுபடி போடுங்கள். 37 நிமிடம் வெட்டே இல்லாத ஒரே ஷாட், அதைத் தாண்டுங்கள். 30 லட்சம் யென்னில் எடுத்த ஜப்பானியப் படம். இதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னாலும் பாவம்.

சென்னையிலிருந்து ஒரு உதவி இயக்குநர்: நம் ஊரில் ஏன் இந்த மாதிரி வருவதில்லை?

வந்தது. 2012இல் ‘பீட்சா’. பீட்சா கொடுக்கப் போனவன் பங்களாவுக்குள் மாட்டிக்கொள்கிறான், கையில் ஒரு டார்ச் லைட். வெளிச்சம் விழுகிற வட்டம்தான் நமக்குத் தெரிகிற உலகம். அப்புறம் பத்து வருடத்துக்கு என்ன ஆயிற்று என்றால், பேய் ஒரு கமர்ஷியல் சரக்கு ஆகிவிட்டது. முதல் பாதி காமெடி, இடைவேளைக்குப் பிறகு ஃப்ளாஷ்பேக், அதில் பேய் உயிரோடு இருந்தபோது எவ்வளவு நல்லவர் என்று அரை மணி நேரம். பேயைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்று சொல்லவைத்த பிறகு எங்கே பயப்படுவது?

மலையாளத்தில் 2022இல் வந்த ‘பூதகாலம்’ பாருங்கள். அம்மா, மகன், ஒரு வீடு. ரேவதியும் ஷேன் நிகமும் சாப்பாட்டு மேஜையில் பேசாமல் உட்கார்ந்திருப்பதே பாதிப் பேய். வீட்டில் பேய் இருக்கிறதா, இவர்களுக்கு மனசு சரியில்லையா என்று ரொம்ப நேரம் பிடிகொடுக்காது.

விழுப்புரத்திலிருந்து: எதைக் கேட்டாலும் ஒலி, சத்தம் என்கிறீர்கள். தொழில் பாசமா சார்?

கொஞ்சம் பாசம்தான். ஆனால் 1978இன் ‘ஹாலோவீன்’ இயக்குநர் ஜான் கார்பென்டரே ஒரு கதை சொல்லியிருக்கிறார். இசையும் எஃபெக்ட்ஸும் சேர்க்காமல் படத்தை ஒரு ஸ்டூடியோ அதிகாரிக்குப் போட்டுக் காட்டினார். அந்த அம்மாவுக்குக் கொஞ்சமும் பயம் வரவில்லை. பிறகு கார்பென்டரே பியானோவில் அந்த ஓயாத மெட்டைப் போட்டுச் சேர்த்தார். காட்சி அதேதான். அப்புறம் அதே அம்மாவுக்குப் படம் பிடித்துப்போனதாம்.

தஞ்சாவூரிலிருந்து ஐந்து நண்பர்கள்: 15 நிமிடப் பேய்ப்படம் எடுக்கிறோம் அண்ணா. பாட்டியின் பழைய வீடு இருக்கிறது, கையில் 60,000 ரூபாய். 40,000க்கு நல்ல கேமரா வாடகைக்கு எடுக்கலாமா?

வேண்டாம் தம்பிகளா. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்க்கிறவன் ‘பழைய வீடு, இருட்டு’ என்று தானே சமாதானம் செய்துகொள்வான். வசனம் பாத்ரூமில் பேசுகிற மாதிரிக் கேட்டால் உடனே ‘காலேஜ் பசங்க எடுத்தது’ என்று தெரிந்துவிடும். நல்ல மைக்கும் அதைப் பிடிக்கத் தெரிந்த ஒரு ஆளும் முதல் செலவு. ஆளுக்கு நல்ல சாப்பாடு இரண்டாவது.

ஃபேனை நிறுத்துங்கள். வியர்க்கும், வியர்க்கட்டும், பயந்த முகத்துக்கு ஒப்பனை மிச்சம். ஃப்ரிட்ஜை நிறுத்துங்கள், நிறுத்தும்போது வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். மறுபடி ஆன் செய்யாமல் வீட்டுக்குப் போக முடியாது. ஒலிப்பதிவு செய்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த தந்திரம்தான் இது. நான் ஒருமுறை செய்யாமல் விட்டு, வீட்டுக்காரம்மாவின் இரண்டு கிலோ மீனுக்குப் பணம் கட்டினேன். ஒவ்வொரு அறையிலும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் வெறும் அறையைப் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் அந்த ஒரு நிமிடம் உங்கள் மானத்தைக் காப்பாற்றும். எலும்பு முறிகிற சத்தத்துக்கு முற்றின முருங்கைக்காயை ஈரத் துண்டில் சுற்றி ஒடியுங்கள்.

இன்னொன்று, வீடு தருகிற சத்தத்தைத் துரத்தாதீர்கள். காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டில், நாயகி ‘இங்கே யாரும் இல்லை’ என்று சொல்லி முடித்த நொடியில் மேலே பல்லி கத்தியது. நான் ‘ஒன் மோர்’ கேட்டேன். இயக்குநர் வேண்டாம் என்றார். திரையிட்ட அன்று எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி தரையை விரலால் மூன்று தட்டுத் தட்டினார்.

பேயைக் காட்டலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 60,000 ரூபாய்ப் பேய் வெளிச்சத்தில் நின்றால் 60,000 ரூபாய்ப் பேயாகத்தான் தெரியும். கதவுக்குப் பின்னால் நிற்கட்டும்.

புதுச்சேரியிலிருந்து: இவ்வளவு பேசுகிறீர்களே, உங்களை நிஜமாகவே பயமுறுத்தியது எது?

‘லேக் முங்கோ’. 2008, ஆஸ்திரேலியப் படம். ஆவணப்படம் மாதிரியே எடுத்தது. மூழ்கி இறந்த மகள், அவளைப் பற்றிப் பேசும் குடும்பம், பழைய புகைப்படங்கள். பின்னணியில் மங்கலாக ஏதோ தெரியும், கேமரா மெல்ல அதைப் பெரிதாக்கும், பெரிதாக்க ஆக்கப் புள்ளிபுள்ளியாகச் சிதறும். இதில் சத்தத்துக்கு அவ்வளவு வேலையில்லை, என் கட்சிக்கு இது பலவீனம்தான். நடுவில் கதை இரண்டு முறை தடம் மாறுகிறது, அது கொஞ்சம் அலுப்பு.

பார்த்த மறுநாள் காலையில் அக்கா மகனின் பிறந்தநாள் படத்தை ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தேன். கேக்குக்குப் பின்னால், வாசல் இருட்டில் ஒரு ஆள். பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். கை நடுங்கியது. தண்ணீர் கேன் போடுகிறவர். அன்றைக்கு அவருக்குக் கேக் கொடுத்தோமா என்று அக்காவுக்கு ஃபோன் செய்து கேட்டேன். கொடுத்தார்களாம்.