சியாங் மாய் – பாய் மலைப்பாதை: புகைக் காலத்தில் ஸ்கூட்டரில் போகலாமா?

கேள்வி: மார்ச் கடைசி வாரத்தில் நானும் மனைவியும் தாய்லாந்தின் சியாங் மாய் நகருக்குப் போகிறோம். அங்கே ஸ்கூட்டரை வாடகைக்கு எடுத்து, மலைப்பாதை வழியே பாய் ஊருக்குப் போய் ஓர் இரவு தங்கித் திரும்ப எண்ணம். அது புகைக் காலம் என்கிறார்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டால் போதுமா? மனைவிக்குச் சிறு வயது முதல் ஆஸ்துமா உண்டு. இப்போது கட்டுக்குள் இருக்கிறது. – வாசகர், சென்னை

பதில்: உங்கள் மனைவியை அழைத்துக்கொண்டு இந்த மாதத்தில் இந்தப் பயணம் வேண்டாம். ஆஸ்துமா கட்டுக்குள் இருப்பது நல்ல செய்திதான். ஆனால் அதைக் கட்டு மீற வைப்பதில் விறகுப் புகைக்கு நிகர் குறைவு. பாய் மட்டுமல்ல, சியாங் மாய் நகரமே அந்த வாரங்களில் அவருக்கு உகந்ததல்ல. தேதியை மாற்ற முடிந்தால் நவம்பர் முதல் ஜனவரிக்குள் போங்கள். வானம் தெளிந்து, குளிரும் இதமாக இருக்கும். டிக்கெட்டை மாற்ற முடியாதென்றால் தெற்கே கிராபி பக்கம் திரும்புங்கள். வடக்கின் புகை பொதுவாக அவ்வளவு தூரம் வருவதில்லை.

நீங்கள் மட்டும் போவதென்றால் பதில் வேறு. உங்களுக்கு நுரையீரல், இதயக் கோளாறு எதுவும் இல்லாவிட்டால், சில நாட்களில் போகலாம். சில நாட்களில் கூடவே கூடாது. எந்த நாள் எது என்று கண்டுகொள்வதில்தான் விஷயம் இருக்கிறது.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அந்த மலைக்காடுகள் இலை உதிர்த்துக் காய்ந்து கிடக்கும். மக்காச்சோளத் தட்டையை எரிப்பவர்கள், காளானும் கீரையும் எடுக்கச் சருகுக்குத் தீ வைப்பவர்கள், எல்லைக்கு அப்பால் மியான்மரின் ஷான் மாநிலத்தில் எரியும் தீ என்று பல பக்கமிருந்தும் புகை சேர்கிறது. சியாங் மாயும் பாயும் மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்குகள். இரவில் குளிர்ந்த காற்று சரிவுகளில் இறங்கி அடியில் தங்கிவிடும். அதன் மேல் வெப்பமான காற்று மூடியதுபோல் நிற்கும். புகை வெளியேற வழியின்றி ஊரோடு படுத்துக்கொள்ளும். வெயில் ஏறி நிலம் சூடான பிறகுதான் காற்று கலங்கிப் புகை மேலெழும்பும்.

இதனால்தான் உங்கள் முகக்கவசக் கேள்விக்கு முன்னால் தங்கும் அறை பற்றிய கேள்வியை வைக்கிறேன். சியாங் மாயிலிருந்து பாய் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். மூன்று, நான்கு மணி நேரம் வண்டி ஓட்டுவீர்கள். அறையில் இருக்கப்போவதோ பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல், அதுவும் புகை கீழே தங்கும் வேளையில். பாயில் மூங்கில் குடில்கள் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தட்டிச் சுவரின் ஒவ்வோர் இடுக்கிலும் புகை நுழையும். சிமெண்டுச் சுவரும் இறுகச் சாத்தும் ஜன்னலும் உள்ள அறையாகப் பாருங்கள். காற்றுச் சுத்திகரிப்பான் உண்டா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். ஏசி இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரண ஏசி அறைக் காற்றைக் குளிர்விக்கும், அவ்வளவுதான். அதன் வலை நுண்துகளைப் பிடிக்காது.

கிளம்பும் நாளில் தாய்லாந்து மாசுக் கட்டுப்பாட்டுத் துறையின் ‘ஏர்4தாய்’ செயலியில் இரண்டு ஊர்களின் பிஎம் 2.5 அளவையும், அதாவது காற்றில் கலந்த நுண்துகளின் அளவையும் பாருங்கள். ஒரு கன மீட்டர் காற்றுக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று காட்டும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். காற்றுத் தரக் குறியீடு வேறு எண். 24 மணி நேரச் சராசரிக்குத் தாய்லாந்து வைத்திருக்கும் வரம்பு 37.5, உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது 15. 37.5க்குள் இருந்தால் கிளம்புங்கள். 75ஐத் தாண்டினால் அங்கே சிவப்பு நிறம் காட்டுவார்கள். அன்று பயணம் இல்லை. இடைப்பட்ட நாளில் போவதானால் போன அன்றே திரும்பிவிடுங்கள், தங்க வேண்டாம். நாசாவின் ‘ஃபர்ம்ஸ்’ வரைபடத்தில் தீப்புள்ளிகள் தெரியும். நீங்கள் பாய்க்குப் போகும் 1095ஆம் எண் சாலையை ஒட்டிப் புள்ளிகள் கொத்தாகத் தெரிந்தால் அன்றும் வேண்டாம்.

முகக்கவசம் என்95 ஆக இருக்கட்டும். துணியும் அறுவை சிகிச்சைக் கவசமும் இந்தத் துகளுக்குப் போதாது. தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகுந்து கவசம் இருந்தும் பயனில்லாமல் போகும், மழித்துவிடுங்கள். முழு ஹெல்மெட்டுக்குள் அதை மாட்டும்போது மூக்குக் கம்பி நகர்ந்துவிடும். ஹெல்மெட் போட்ட பிறகு விரலை உள்ளே விட்டு ஒருமுறை அழுத்திச் சரிசெய்யுங்கள். வியர்வையில் நனைந்தால் மாற்ற, இரண்டு மூன்று கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

காலை பத்து, பதினொரு மணிக்குக் கிளம்பி மாலை நான்குக்குள் சேர்ந்துவிடுங்கள். இரவில் ஓட்டவே கூடாது. பாய் வரை 762 வளைவுகள் என்று அங்கே சட்டையில் அச்சடித்தே விற்கிறார்கள். புகையில் ஹைபீம் போட்டால் வெளிச்சம் கண்ணுக்கே திரும்பும், அடுத்த வளைவு தெரியாது. அடிமரம் எரிந்து மரங்கள் சாலையில் விழுவதும், வேர் கருகிய சரிவிலிருந்து கற்கள் உருள்வதும் உண்டு. வளைவின் உட்பக்கம் சேர்ந்திருக்கும் சருகில் டயர் வழுக்கும். சாலையோரம் தீ எரிந்து புகை குறுக்கே படர்ந்தால் ஊடே பாயாதீர்கள். பின்வரும் வண்டிக்குத் தெரியும்படி நன்றாக ஓரம் ஒதுங்கிக் காத்திருங்கள், அல்லது திரும்பிவிடுங்கள். வெடிச் சத்தம் கேட்டால் பதற வேண்டாம், பச்சை மூங்கில் தீயில் அப்படித்தான் வெடிக்கும்.

கியர் இல்லாத ஸ்கூட்டர் இறக்கத்தில் எஞ்சினால் அதிகம் பிடித்துக்கொடுக்காது. பாரமெல்லாம் பிரேக்கின் மேல் விழும். விடாமல் அழுத்தினால் பிரேக் சூடாகிப் பிடிமானம் குறையும். விட்டு விட்டுப் பிடியுங்கள், இடையில் நிறுத்தி ஆறவிடுங்கள். உங்கள் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியில் இருசக்கர வாகனத்துக்கான பிரிவு இருக்கிறதா என்று சென்னையிலேயே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் விபத்து நேரும்போது பயணக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கலாம்.

மனைவி எப்படியும் உடன் வருவதென்று முடிவானால், ஒரு மாதம் முன்பே அவருடைய மருத்துவரைப் பார்த்து, தடுப்பு மருந்தின் அளவையும் அவசரத்தில் செய்ய வேண்டியதையும் எழுதி வாங்குங்கள். இன்ஹேலர் அவருடைய கைப்பையில் இருக்கட்டும். வண்டியின் சீட்டுக்கு அடியில் வெயில் சூட்டில் வைக்க வேண்டாம். அதைப் பயன்படுத்திய பிறகும் மூச்சுத் திணறல் தணியாவிட்டாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் அவர் நிறுத்தினாலோ, உடனே 1669ஐ அழையுங்கள். தாய்லாந்தில் ஆம்புலன்சுக்கான எண் அதுதான்.