இரண்டு நாள் சென்னை, நாற்பது பிள்ளைகள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி: கோவில்பட்டி பக்கம் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். அரையாண்டு விடுமுறையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரை இரண்டு நாள் சென்னைக்கு, கலை பார்க்கவென்றே கூட்டிப் போகிறோம். மியூசியம், கலாக்ஷேத்ரா, சோழமண்டலம் ஓவியர் கிராமம், தட்சிணசித்ரா, மாமல்லபுரம், மெரினா, வள்ளுவர் கோட்டம், ஒரு கச்சேரி, ஒரு ஷாப்பிங் மால் என்று பட்டியல் நீண்டுவிட்டது. எதை விடலாம்?

பதில்: நாலை விட்டுவிடுங்கள், டீச்சர். மாலுக்கும் வள்ளுவர் கோட்டத்துக்கும் விளக்கம் தேவையில்லை. கலாக்ஷேத்ராவின் அழகே அங்கே நடக்கும் நடன, இசை வகுப்புகள்; விடுமுறையில் போனால் மரங்களைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். மாமல்லபுரத்தை வெட்டுவதுதான் மனசுக்குக் கஷ்டம். ஆனால் உங்களுக்குப் பக்கத்திலேயே கழுகுமலை இருக்கிறதே! மலையை மேலிருந்து குடைந்து செய்த வெட்டுவான் கோயிலுக்குப் பயணத்துக்கு முந்தைய சனிக்கிழமை ஒரு நடை போய் வாருங்கள். கல்லை ஊரில் பார்த்தாயிற்று என்றால், சென்னையில் செப்புச் சிலைகளைப் பார்க்கலாம்.

கிழமையைக் கவனியுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை, தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய். புதன், வியாழன் சரியாக வரும். நடுவில் கிறிஸ்துமஸ் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி வண்டியில் வந்து எழும்பூரில் இறங்கினால் மியூசியம் நடக்கிற தூரம்தான். ஸ்டேஷன் பக்கத்தில் குளிக்க, பல் தேய்க்க அறை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். 1851-இல் தொடங்கிய மியூசியம் அது. முழுவதையும் சுற்றக் கிளம்பினால் பதினோரு மணிக்கே பிள்ளைகள் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். நேரே வெண்கலக் கூடத்துக்குப் போங்கள். திருவெண்காட்டு அர்த்தநாரி முன்னால் நிறுத்தி, எத்தனை கை என்று எண்ணச் சொல்லுங்கள். வலப்பக்கம் சிவனுக்கு இரண்டு, இடப்பக்கம் அம்மனுக்கு ஒன்று. மூன்று கைதான் என்று தெரிந்ததும் இடுப்பு எந்தப் பக்கம் வளைகிறது, தோள் எங்கே இறங்குகிறது என்று தானாகவே தேட ஆரம்பிப்பார்கள். திருவாலங்காட்டு நடராஜரையும் காட்டுங்கள். பிரெஞ்சுச் சிற்பி ரோதான் 1913-இல் வெறும் புகைப்படங்களைப் பார்த்தே இவரைப் பற்றி உருகி எழுதினார். ஆளுக்கு ஒரு சிலை, அரை மணி நேரம், பென்சிலும் தாளும். அது போதும்.

போகும் முன் வகுப்பில் மெழுகுவர்த்தியை உருக்கி ஒரு சின்ன உருவம் பிடிக்க விடுங்கள். மெழுகின் மேல் களிமண் பூசி, சுட்டு, மெழுகை வடித்து, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். சிலையை எடுக்க அச்சை உடைத்தாக வேண்டும். ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான் என்பது கையில் பட்டால்தான் புரியும்.

மதியம் கச்சேரி. மார்கழியில் பல சபாக்களில் மதிய நேரத்தில் இளம் கலைஞர்கள் பாடுவார்கள், பெரும்பாலும் இலவசம். நாற்பது பேர் என்று சபாவுக்கு முன்பே எழுதிவிட்டு, பின்வரிசையில் உட்காருங்கள். பாட்டு நடுவே எழ வேண்டாம். ராகம் பிடிபடாத பிள்ளைக்கும் தனி ஆவர்த்தனம், அதாவது மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் தனியாக வாசிக்கும் பகுதி, பிடிக்கும். சபா ரசிகர்களில் பாதிப்பேர் கேன்டீனுக்கு எழுந்து போகும் நேரம் அதுதான், உங்களுக்கு நல்ல இருக்கை கிடைக்கும்! ஊரில் கேட்ட வில்லுப்பாட்டும் உருமியும் இதற்குக் கீழே என்ற எண்ணம் மட்டும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் மெரினாவில் உழைப்பாளர் சிலை. அதைச் செய்த சிற்பி ராய் சௌத்ரி சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்தவர். அவரிடம் படித்து, பின்னால் அதே பதவிக்கு வந்த கே.சி.எஸ். பணிக்கர்தான் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலத்தைத் தொடங்கினார். ஓவியர்கள் பாட்டிக் துணி (மெழுகு பூசிச் சாயம் ஏற்றிய துணி) செய்து விற்ற காசில் வாங்கிய நிலம். படம் வரைந்தால் சோறு கிடைக்குமா என்று வீட்டில் கேட்கிறார்களே, அந்தப் பிள்ளைகளுக்கு மறுநாள் காலை அங்கே இதைச் சொல்லுங்கள்.

அங்கிருந்து அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈ.சி.ஆர்.) முட்டுக்காடு. தட்சிணசித்ராவில் தென்மாநில வீடுகளைப் பெயர்த்து வந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டை நிதானமாகப் பாருங்கள். சக்கரத்தில் மண் பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. பள்ளிக் குழு என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டு வையுங்கள். விடுமுறைக் காலத்தில் ஈ.சி.ஆர். நெரிசல் சொல்லி மாளாது. ராத்திரி வண்டிக்கு மூன்று மணி நேரம் இருக்கும்போதே பஸ்ஸில் ஏறிவிடுங்கள், சாப்பாட்டைப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு.