ஆட்சிக்காலம் எத்தனை ஆண்டுகள் இருக்க வேண்டும்?

இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல் வைத்தால் ஆட்சியாளர்கள் மக்களுக்கு அஞ்சி நடப்பார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். அஞ்சுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த அச்சமே வேலையைக் கெடுக்கவும் கூடும். அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையின் 435 இடங்களுக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல் நடப்பதால், உறுப்பினர்கள் பதவியேற்ற கையோடு அடுத்த தேர்தலுக்கு நிதி திரட்டத் தொடங்கிவிடுகிறார்கள். அதே நாட்டின் செனட் உறுப்பினருக்கோ ஆறு ஆண்டுகள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே ஒவ்வொரு முறையும் தேர்தலைச் சந்திப்பதால், ஒரே அலையில் அவை முழுவதும் மாறிவிடுவதில்லை.

ஆண்டுக் கணக்கைவிட, அதை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. மூன்று ஆண்டுகளுக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரிட்டிஷ் நாடாளுமன்றம், 1716இல் தன் காலத்தைத் தானே ஏழு ஆண்டுகளாக நீட்டிக்கொண்டது. அந்த வரம்பு ஐந்தாகக் குறைய 1911 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தியாவில் நெருக்கடி நிலையின்போது வந்த 42ஆவது திருத்தம் மக்களவையின் காலத்தை ஆறு ஆண்டுகளாக்க, பின்னர் வந்த 44ஆவது திருத்தம் அதை மீண்டும் ஐந்தாக்கியது.

நியூசிலாந்தில் மூன்று ஆண்டுகளை நான்காக்கலாமா என்று 1967இலும் 1990இலும் வாக்காளர்களிடமே கேட்டார்கள். இருமுறையும் பெரும்பான்மையினர் மறுத்துவிட்டனர். மேலவை இல்லாத அந்த நாட்டில், அடிக்கடி வரும் தேர்தலே அரசுக்குக் கடிவாளம் என்பது மறுத்தவர்கள் தரப்பின் வலுவான வாதம்.