1974 மார்ச் ஆட்டம்: வாக்கு முறையும் கோஷ்டிகளும் (கேள்வி பதில்)

நம் மாற்று வரலாற்றுத் தேர்தல் ஆட்டம் 1974 மார்ச் 1, வெள்ளிக்கிழமை காலையில் தொடங்குகிறது. முந்தின நாள் பிரிட்டனில் வாக்குப்பதிவு முடிந்து தொங்கு நாடாளுமன்றம். தொகுதியில் அதிக வாக்கு வாங்கியவரே ஜெயிக்கும் இப்போதைய முறையை மாற்றுவதா என்பதுதான் ஆட்டத்தின் மையக் கேள்வி. மொத்தம் 635 இடங்கள். தொழிற்கட்சிக்கு 301, கன்சர்வேடிவ் கட்சிக்கு 297, லிபரல்களுக்கு 14. ஆட்டத்தை நடத்துபவன் நான் என்பதால் வந்த கேள்விகளுக்கெல்லாம் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி (லிபரல்களை ஆடுபவர்): கன்சர்வேடிவ் பிரதமர் ஹீத் கூப்பிட்டால் எங்கள் தலைவர் ஜெரமி தார்ப் போய்ச் சேர்ந்துவிடலாமே? நிஜத்தில் ஏன் சேரவில்லை?

பதில்: சேரலாம், கணக்குதான் இடிக்கும். 297ம் 14ம் 311, தேவை 318. தவிர, ஹீத் தர முன்வந்தது அமைச்சரவையில் ஓர் இடமும், தேர்தல் முறையைப் பற்றி ஆராய சபாநாயகர் தலைமையில் ஒரு மாநாடும்தான். ஏறக்குறைய 60 லட்சம் வாக்கு வாங்கிய கட்சிக்கு ஒரு மாநாடு! அப்படியொரு மாநாடு 1917இலேயே அறிக்கை தந்தது. பெருநகரங்களில் ஒற்றை மாற்று வாக்கு முறை (நம் எம்எல்ஏக்கள் மாநிலங்களவைத் தேர்தலில் 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடுகிறார்களே, அதேதான்) வேண்டும் என்றது. கடைசியில் சில பல்கலைக்கழகத் தொகுதிகளுக்கு மட்டும் அது கிடைத்தது. லிபரல்கள் மறுத்தார்கள், மார்ச் 4 அன்று ஹீத் ராஜினாமா செய்தார். நம் ஆட்டத்தில் ஹீத்தை ஆடுபவர் நேரடியாகத் தேர்தல் முறையை மாற்றும் மசோதாவே தருகிறேன் என்று சொல்லலாம். சொன்னால் அவருடைய பின்வரிசை என்ன செய்யும் என்பது அடுத்த கேள்வி.

கேள்வி (கன்சர்வேடிவ்): வாக்கு சதவீதத்தில் நாங்கள்தான் முதலிடம், 37.9க்கு 37.2. அப்படியானால் விகிதாச்சாரம் (வாக்கு சதவீதப்படி இடங்கள்) எங்களுக்கு லாபம்தானே?

பதில்: கட்சிக்கு லாபமோ நஷ்டமோ, உங்கள் எம்பிக்களுக்கு நஷ்டம். கறாராகப் பங்கிட்டால் உங்களுக்குச் சுமார் 240, தொழிற்கட்சிக்கு 236, லிபரல்களுக்கு 120க்கு மேல். உங்கள் ஆட்களில் ஐம்பத்துச் சொச்சம் பேர் வீட்டுக்குப் போக வேண்டும், அவர்களையே கூப்பிட்டு ஆதரவாகக் கை தூக்கு என்கிறீர்கள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள எந்தக் கொறடா சொல்லியும் ஆள் வராது. அதனால் தொடக்கத்தில் உங்கள் சீர்திருத்தக் கோஷ்டிக்குச் செல்வாக்கு குறைவுதான். தொழிற்கட்சி 40 சதவீதத்துக்குக் கீழே வாங்கி முழுப் பெரும்பான்மை பிடித்தால் மட்டும் அது ஏறும். நிஜத்திலும் அப்படித்தான்: அக்டோபரில் மீண்டும் நடந்த தேர்தலில் தொழிற்கட்சித் தலைவர் வில்சன் 39.2 சதவீதத்துடன் 319 இடம் பிடித்த பிறகுதான் டோரிகளில் (கன்சர்வேடிவ்களில்) பலர் இந்த முறையைச் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினார்கள்.

கேள்வி (ஹீத்தை ஆடுபவர்): அல்ஸ்டர் யூனியனிஸ்டுகள் (வட அயர்லாந்து பிரிட்டனோடே இருக்க வேண்டும் என்பவர்கள்) 7 பேரைச் சேர்த்தால் சரியாக 318. முடிந்ததா?

பதில்: இல்லை, ஆட்டத்தின் முடிச்சே இதுதான். வட அயர்லாந்தில் 12 தொகுதிகள். அங்கே இரு தரப்பும் ஆட்சியைப் பகிர வழிசெய்த சன்னிங்டேல் ஒப்பந்தத்தை எதிர்த்து ஒன்றாக நின்ற யூனியனிஸ்டுக் கட்சிகள் பாதியைச் சற்றே தாண்டிய வாக்குகளோடு அதில் 11ஐ அள்ளின (நீங்கள் சொல்லும் 7 பேரும் அதில் அடக்கம்). இப்போதுள்ள முறையால் இவ்வளவு ஆதாயம் அடைந்தவர்கள் வேறு யாருமில்லை. அதே வட அயர்லாந்தில் 1973இல் உள்ளூர்த் தேர்தலுக்கும் பேரவைத் தேர்தலுக்கும் ஒற்றை மாற்று வாக்கு முறையைக் கொண்டுவந்தது யார் என்று பாருங்கள், ஹீத் அரசாங்கம்! ஆக, மசோதா இல்லாவிட்டால் லிபரல்கள் வரமாட்டார்கள், மசோதா வந்தால் இவர்கள் வரமாட்டார்கள். நிஜத்தில் ஹீத் அந்த 7 பேரைக் கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை.

கேள்வி (தொழிற்கட்சி இடதுசாரி): நாங்கள் ஏன் விகிதாச்சாரத்தை எதிர்க்க வேண்டும்? இடதுசாரி என்றால் ஜனநாயகம்தானே?

பதில்: உங்கள் திட்டமே ஒரு நாள் தொழிற்கட்சி தனியாக ஆட்சி பிடித்து முழுத் தேர்தல் அறிக்கையையும் நிறைவேற்றும் என்பது. லிபரல்களைக் கேட்டுத்தான் எதுவும் செய்ய முடியும் என்றால் உங்கள் டோனி பென் கேட்கும் தேசியமயம் என்றைக்கு நடக்கும்? இன்னொன்று, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முறை மாறினால் கட்சிகள் இப்படியே இருக்காது. கட்சியின் இடதுசாரியான ட்ரிப்யூன் கோஷ்டியும் வலதுசாரியான ராய் ஜென்கின்ஸ் ஆட்களும் ஒரே கூரையின் கீழ் இருப்பது பிரிந்தால் இருவரும் அழிவோம் என்ற பயத்தால்தான். அந்தப் பயம் போய்விட்டால்? அதனால்தான் மசோதா நிறைவேறிய மறுசுற்றிலேயே ஒவ்வொரு கோஷ்டிக்கும் பிரிவதா இருப்பதா என்று பகடை போட வைத்திருக்கிறேன். பழைய வாக்குகளை அப்படியே புதிய முறையில் போட்டு இடங்களைக் கணக்கிட்டுக் கொண்டுவராதீர்கள், ஏற்கமாட்டேன்.

கேள்வி: பிரபுக்கள் சபை (மேலவை) மசோதாவைத் தடுக்குமா?

பதில்: ஓராண்டு தாமதப்படுத்தலாம். சிறுபான்மை அரசுக்கு அதுவே போதும். 1931இல் மாற்று வாக்கு (தொகுதிக்கு ஒரே எம்பிதான், வாக்கு மட்டும் விருப்ப வரிசையில்) மசோதா மக்களவையைத் தாண்டிப் பிரபுக்களிடம் அடிபட்டுக் கிடந்தபோது ஆகஸ்டில் அரசே கவிழ்ந்தது.

கேள்வி: பொதுவாக்கெடுப்பு வைக்கலாமா?

பதில்: வைக்கலாம். 1973இல் வட அயர்லாந்து எல்லை பற்றி நடத்தியிருக்கிறார்கள். ஆனால் ஜெயிக்கும் என்று நினைக்க வேண்டாம். 2011இல் அந்த மாற்று வாக்கு முறைக்கே நிஜமாக வைத்தபோது 67.9 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

கேள்வி: கன்சர்வேடிவ் கட்சியில் இருந்த ஈனாக் பவலை நான் எடுத்துக்கொள்ளட்டுமா?

பதில்: இப்போது முடியாது. பிப்ரவரியில் அவர் நிற்கவே இல்லை, தொழிற்கட்சிக்கு வாக்களியுங்கள் என்று வேறு சொல்லிவிட்டார். அக்டோபரில் சவுத் டவுன் தொகுதியில் யூனியனிஸ்டாக ஜெயித்து வருவார். நம் ஆட்டத்தில் அடுத்த பொதுத்தேர்தல் வரை பொறுத்திருங்கள், அப்புறம் முதலில் கேட்டவருக்கே தருகிறேன்.