கிராமங்கள் காற்றாலையை எதிர்க்கின்றனவா?

'மாசில்லாத மின்சாரம்தானே, பிறகு ஏன் கிராமத்து ஜனங்கள் காற்றாலை வேண்டாம் என்கிறார்கள்?' என்பது கேள்வி.

முதலில், பெரும்பாலானவர்கள் அப்படிச் சொல்வதில்லை. அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம், காற்றாலையிலிருந்து 5 மைலுக்குள் குடியிருப்பவர்களிடம் கருத்துக் கேட்டது. பிடிக்கவில்லை என்றவர்கள் 8 சதவீதம்தான். ஆனால் அரை மைலுக்குள் இருப்பவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் அது 25 சதவீதம். ரகளை எல்லாம் அந்த அரை மைலுக்குள்தான்.

நிலக் குத்தகை பேசும் கூட்டங்களில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அங்கே அதிகம் கொதிப்பவர் காற்றாலையையே வெறுப்பவராக இருப்பதில்லை. பெரும்பாலும் பக்கத்து நிலத்துக்காரர்தான். கோபுரம் நிற்கும் நிலத்துக்கு வருஷா வருஷம் குத்தகை வரும். வரப்புக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கு அதே சத்தம், அதே நிழல், கையில் மட்டும் ஒன்றும் வராது. அதோடு பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் இவருக்கு விஷயமே தெரியவந்திருக்கும். அந்த ஆத்திரம் லேசில் அடங்காது.

சத்தம் எல்லாம் வெறும் சாக்கு என்று சில கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பகலில் போய்க் கேட்டால் பெரிதாக ஒன்றும் தெரியாதுதான். ராத்திரி தரையில் ஓர் இலைகூட அசையாமல் இருக்கும். 100 மீட்டர் உயரத்தில் காற்று நன்றாக அடித்துக்கொண்டிருக்கும். மற்ற சத்தமெல்லாம் ஓய்ந்த அந்த நேரத்தில் 'உஷ்... உஷ்...' என்று ஒரே சீராகக் கேட்கும். நிழலும் அப்படித்தான். நிமிஷத்துக்கு 15 சுற்று சுற்றும் மூன்று இறக்கைக் காற்றாலை என்றால், சூரியன் தாழ்வாக இருக்கும்போது ஜன்னல் வழியாக நிமிஷத்துக்கு 45 தடவை நிழல் வெட்டும். ஜெர்மனியில் இதற்கு வருஷத்துக்கு 30 மணி நேரம், நாளைக்கு 30 நிமிஷம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் இயந்திரம் தானாக நிற்கும்படி செய்துவிடலாம். பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஊர் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

நெதர்லாந்தில் 2007ல் 725 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று உண்டு. காற்றாலையால் வருமானம் வருகிறவர்கள்தான் சத்தம் அதிகமாகக் கேட்கும் தூரத்தில் இருந்தார்கள். எரிச்சலாக இருக்கிறது என்றவர்களோ அவர்களில் மிகச் சிலர்தான். இதைக் காட்டி 'எல்லாம் மனப்பிரமை' என்று முடித்துவிடுவது அநியாயம். தன்னுடையது என்றால் பொறுத்துக்கொள்கிறோம், அடுத்தவன் கொண்டுவந்து திணித்தால் பொறுப்பதில்லை. மனித இயல்பு.

டென்மார்க்கின் சாம்ஸோ தீவில் இதைச் சரியாகப் பிடித்தார்கள். தரையில் நிறுத்திய 11 காற்றாலைகளில் ஒன்பது உள்ளூர் விவசாயிகளுடையவை, இரண்டு கூட்டுறவுக்குச் சொந்தம். சத்தம் வருவது தங்கள் இயந்திரத்திலிருந்து என்றால் யார் போய்ப் புகார் கொடுப்பார்கள்? அந்த நாட்டின் 2008 சட்டம், 4.5 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்குக் குறைந்தது 20 சதவீதப் பங்கை விலைக்குக் கொடுக்க முன்வர வேண்டும் என்றது. பங்கு வாங்கக் கையில் காசு வேண்டுமே என்பது வேறு விஷயம்.

பணம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நார்வேயில் ஃபோசன் பகுதியில் 151 காற்றாலைகள் நிறுத்தினார்கள். அது சாமி என்ற பழங்குடியினர் ரெய்ண்டீர் மான்களை மேய்க்கும் நிலம். அனுமதி செல்லாது என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியும் இயந்திரங்கள் சுற்றிக்கொண்டேதான் இருந்தன. மேய்ச்சல் போனால் பிழைப்பு மட்டுமல்ல, அவர்களின் வாழ்முறையே போகிறது. அதற்கு என்ன குத்தகை கணக்குப் போடுவது?

உங்கள் பக்கம் இப்படி ஒரு திட்டம் வருகிறது என்றால், வாடகை எவ்வளவு என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். 20, 25 வருஷம் கழித்து இயந்திரம் ஓய்ந்ததும் யார் கழற்றுவது, நூற்றுக்கணக்கான கன மீட்டர் கான்கிரீட் அஸ்திவாரத்தை யார் தோண்டி எடுப்பது, அதற்கான பணத்தை இப்போதே தனியாகக் கட்டி வைக்கிறார்களா என்று கேளுங்கள். அதற்குள் கம்பெனி இரண்டு மூன்று கை மாறியிருக்கலாம். ஒப்பந்தத்தில் எழுத்தில் இல்லாததைப் புது முதலாளி ஏற்க மாட்டார்.